அடித்தல் திருத்தல் உண்டு

நான் கணக்கு வாத்தியாராக இருந்த அரியலூர்ப் பள்ளிக்கு எண்பதுகளின் பிற்பகுதியில் இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. இரண்டு விசைப்பலகை, டி.வி. மாதிரி இரண்டு திரை, ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு ஸ்டெபிலைசர், ஒரு பெட்டி காசெட். எண்ணி வாங்கியது நான்தான், ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றியதும் நான்தான். காசெட் பெட்டியின் மேல் பன்னிரண்டு என்று அச்சிட்டிருந்தது. உள்ளே பதினொன்று இருந்தது. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன், தெர்மாகோலைப் பிய்த்துப் பார்த்தேன். அந்தப் பன்னிரண்டாவது காசெட் எங்கே போயிருக்கும் என்று இன்றைக்கும் சில நாள் யோசிப்பதுண்டு.

வராந்தாவின் கடைசி அறையை அதற்கென்று ஒதுக்கினார்கள். வெளியே சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். தூசி வரக்கூடாது என்று ஐந்து ஜன்னலுக்கும் நீலத்துணி அடித்து, வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். சாவி தலைமையாசிரியரின் மேஜை டிராயரில் இருக்கும். எங்கள் பள்ளியிலிருந்து திருச்சிக்குப் பயிற்சிக்குப் போனவர்கள் இரண்டு பேர். இன்னொருவர் அடுத்த ஜூனிலேயே மாறுதலில் போய்விட்டார். மிஞ்சியவன் நான் ஒருவன்.

வெளியிலும் அப்படித்தான். மனைவிக்குத் திருநெல்வேலிப் பக்கம் டீச்சர் வேலை. மகன் அவளோடு இருந்தான். நான் ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், இரண்டு தட்டு. இரண்டாவது தட்டு எதற்கு வாங்கினேன் என்று தெரியவில்லை. மாறுதல் கேட்டு நான்கு வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். அது அடுத்த ஜூனில் வரலாம், வராமலும் போகலாம்.

பேச ஆளில்லாதவனுக்கு அந்த அறை தோதாக இருந்தது. அரையாண்டுத் தேர்வு முடிந்து மார்க் கூட்டும்போது எனக்கு எப்போதும் எரிச்சல் வரும். வகுப்புக்கு நாற்பது, ஐம்பது பிள்ளைகள், ஐந்து பாடம். ஒருவர் கூட்ட ஒருவர் சரிபார்க்க வேண்டும். இருந்தும் எங்காவது ஒரு பத்து தவறும். அதனால் மார்க் கூட்டுவதற்கு நானே ஒரு புரோகிராம் எழுதினேன். இப்போது நிரல் என்கிறார்கள். மொத்தம் போடும், யார் எந்தப் பாடத்தில் தவறினார்கள் என்று சொல்லும், ரேங்க் போடும். இரண்டு பேர் ஒரே மொத்தம் எடுத்தால் கணக்கில் அதிகம் வாங்கியவனை முன்னால் வைக்கும். முழுவதும் 212 வரி. அதில் ரேங்க் பகுதி மட்டும் 46 வரி. அந்த நாற்பத்தாறும் ஒழுங்காக ஓடுவதற்குள் தீபாவளி விடுமுறை முழுவதும் போயிற்று. ஊருக்குக்கூடப் போகவில்லை. மனைவி கடிதத்தில் ஒன்றும் கேட்கவில்லை, அந்தக் கடிதமே ஐந்து வரிதான் இருந்தது.

புரோகிராம் ஓடிய பிறகுதான் கவலை பிடித்தது. ஜூனில் எனக்கு மாறுதல் வந்துவிட்டால் இதை யார் பார்ப்பார்கள்? அடுத்த வருஷம் பாடம் ஒன்று கூடினாலோ, பாஸ் மார்க் மாறினாலோ, உள்ளே புகுந்து ஒரு வரியை மாற்றத் தெரிந்த ஆள் வேண்டும். இல்லையென்றால் அறையைப் பூட்டிச் சாவியை டிராயரில் போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஓர் ஆசிரியர். எந்தப் பள்ளியானாலும் சரி. அவர் என் புரோகிராமில் தன் கையால் ஒரு வரியாவது மாற்றிவிட வேண்டும். ஒன்றை மாற்றியவர் இன்னொன்றையும் மாற்றுவார். அது என்னோடு போகாது.

முதலில் எங்கள் ஸ்டாஃப் ரூமில் சொல்லிப் பார்த்தேன். தமிழாசிரியர் கேலி செய்யாமல் பேசமாட்டார்.

"என்னங்க சார், பொட்டிக்குப் பரீட்சை வெச்சீங்களா? பொட்டி பாஸா?"

"பாஸுதாங்க ஐயா. நீங்களும் வந்து பாருங்க. வேணுங்கறதை மாத்திக்கலாம்."

"நல்லா ஓடுதுல்ல?"

"ஓடுது."

"நல்லா ஓடறதை எதுக்குய்யா மாத்தணும்? அப்புறம் ஓடலைன்னா என்னைச் சொல்லுவீங்க."

சுற்றி ஏழு பேர் இருந்தார்கள். ஆறு பேர் சிரித்தார்கள். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

சரி, வெளியே போவோம் என்று முடிவு செய்தேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மெஷின் வந்த பள்ளிகள் எனக்குத் தெரிந்து இன்னும் நான்கு. அப்போது புரோகிராமைப் பாட்டுக் காசெட்டில்தான் பதிவோம், என் காசில் நான்கு காசெட் வாங்கி ஏற்றினேன். 212 வரிகளையும் ஸ்டென்சிலில் வெட்டி சைக்ளோஸ்டைல் எடுத்தேன், ஒரு செட்டுக்கு ஒன்பது தாள். முதல் தாளின் தலைப்பில் தமிழில் நான்கு வாக்கியம் எழுதினேன். இதை யாரும் நகல் எடுக்கலாம். யாருக்கும் கொடுக்கலாம். தேவைப்படி மாற்றலாம். மாற்றியதையும் மற்றவர் பார்க்கும்படி இப்படியே திறந்து கொடுக்க வேண்டும்.

இதை நான் எங்கும் படித்துவிட்டு எழுதவில்லை. வகுப்பில் நோட்ஸ் கொடுக்கிறோம். ஒருவன் எழுதியதைப் பார்த்து அடுத்தவன் எழுதுகிறான், அதில் விட்டுப்போன உதாரணத்தை மூன்றாமவன் சேர்த்துக்கொள்கிறான். எந்த வாத்தியாராவது என் நோட்ஸை மூடி வை, யாருக்கும் காட்டாதே என்று சொல்வாரா? இன்றைக்கு இதற்குக் கட்டற்ற மென்பொருள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. அன்றைக்குப் பெயரில்லாமல் ஒரு மஞ்சள் பையில் அதைப் போட்டுக்கொண்டு சனிக்கிழமை சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

பெரம்பலூரைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளி. அங்கிருந்த தலைமையாசிரியர் மரியாதையானவர், டீ சொன்னார். காசெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு பில் எங்க சார்?"

"பில் இல்லைங்க சார். இலவசம்."

"இலவசம்னா யார் குடுக்கறது? டிபார்ட்மெண்டா?"

"நான்தான் குடுக்கறேன்."

"உங்களுக்கு யார் குடுத்தது?"

"நானே எழுதினதுங்க சார்."

அவர் காசெட்டை மேஜையில் என் பக்கமாக வைத்தார். "தப்பா நினைக்காதீங்க. பில் இல்லாத பொருளை ஸ்டாக்ல எப்படி ஏத்தறது? ஸ்டாக்ல இருக்கிற பொருள் ரூம்ல இல்லைன்னா குத்தம். ஸ்டாக்ல இல்லாத பொருள் ரூம்ல இருந்தா அதைவிடப் பெரிய குத்தம். ஆடிட் பார்ட்டி வந்து இது என்னன்னு கேட்டா, அரியலூர் சார் அன்பளிப்புன்னு சொல்ல முடியுமா?"

"ஏத்தவே வேண்டாங்க சார். யார் வேணும்னாலும் வெச்சுக்கலாம்."

"யார் வேணும்னாலும்னா யாரு?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். காசெட்டை எடுத்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பள்ளியில் மெஷினைப் பார்த்துக்கொண்டவர் ஓர் அறிவியல் டீச்சர். முப்பது வயது இருக்கும். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள் என்றும், வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் தான்தான் என்றும் இரண்டாவது சந்திப்பிலேயே சொன்னார். அதை ஒரு தகவலாகத்தான் சொன்னார், பெருமையாகவும் இல்லை, குறையாகவும் இல்லை. "எச்.எம். கிடக்கறாரு சார், குடுத்துட்டுப் போங்க. என் பையில இருக்கட்டும். பைக்கு ஆடிட் இல்லை" என்று காசெட்டை வாங்கிக்கொண்டார்.

மற்ற மூன்று பள்ளிகளிலும் ஏறத்தாழ இதே பேச்சுதான். ஜெயங்கொண்டத்தில் ஒரு கணக்கு வாத்தியார் மட்டும் காசெட்டை ஆசையாக வாங்கி, மறு பக்கத்தில் பாட்டுப் பதியலாமா என்று கேட்டார். இன்னொரு பள்ளிக்குத் திருமழபாடி வழியாகப் போய், ஆள் லீவு என்று தெரிந்து, கொள்ளிடத்து மணலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினேன். அன்று முழுவதும் கண்டக்டரைத் தவிர யாரோடும் நான் பேசவில்லை. அதை பஸ்ஸில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். போகவர நான்கு டிக்கெட், நான்கு வார்த்தை.

ஒரு மாதம் கழித்து மறுபடி பெரம்பலூர்ப் பக்கம் போனபோது அந்த டீச்சர் காசெட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். சைக்ளோஸ்டைல் தாள்களுக்குப் பழுப்பு அட்டை போட்டுத் தைத்திருந்தார். ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

"ஏங்க டீச்சர்? உங்களுக்கு எதுவும் தேவைப்படலையா?"

"தேவை இருக்கு சார். ஆனா கை வரமாட்டேங்குது."

"கெட்டுப்போனா வேற காசெட் தரேன்."

"அது இல்ல சார்." அட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார். "அட்டெண்டன்ஸ்ல ஒரு எழுத்தை அடிச்சாலே எச்.எம். கையெழுத்து வேணும். மார்க் ரிஜிஸ்டர்ல ஒரு ஒண்ணை ஏழாக்கினா விளக்கம் கேக்கறாங்க. நீங்க எழுதினதை நான் அடிச்சுத் திருத்தினா அதுக்கு யார் சார் கையெழுத்துப் போடறது?"

எங்களைப் போன்றவர்களுக்கு அது வேலையில் சேர்ந்த முதல் நாளே ஏறிய பயம். எந்தப் பதிவேட்டிலும் பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதுவோம். அடித்தல் திருத்தல் இல்லை. இருந்தால் எத்தனை என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். ஒப்பம் இல்லாத திருத்தம் களவுக்குச் சமம். யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நான் தலைப்பில் எழுதியதைப் படித்தவர்கள், யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாவி வாங்கி அறையைத் திறந்தேன். அந்த மெஷினில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். என் புரோகிராமின் முதல் வரியை ஆயிரத்துக்குத் தள்ளினேன். அதற்கு முன்னால் உள்ள எண்களையெல்லாம் காலியாக விட்டேன். அங்கே குறிப்பு எழுதலாம். மெஷின் குறிப்புகளைப் படிக்காமல் தாண்டிப்போகும், அவை மனிதர்கள் படிப்பதற்கு. ஒன்றாம் எண்ணில் எழுதினேன்: இதில் அடித்தல் திருத்தல் உண்டு. திருத்துபவர் கீழே வரி எண்ணும் விவரமும் எழுதிச் சுருக்கொப்பம் வைக்கவும். மெஷினுக்குத் தமிழ் எழுத்து கிடையாது. தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் தட்டினேன்.

ஒன்று போக 998 இடம் காலியாக இருந்தது. புதிய நகல்களைக் கொண்டுபோய் நான்கு இடத்திலும் கொடுத்தேன். சாயங்காலங்களில் அந்த அறையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பேன். ஒன்றாம் வரி, அடுத்தது ஆயிரம். நடுவில் ஒன்றுமில்லை. எழுந்து ஜன்னல்களை எண்ணிச் சாத்திவிட்டு அறைக்குப் போய் ஸ்டவ்வைப் பற்றவைப்பேன்.

பொங்கல் கழிந்ததும் ஒரு வெளியூர்க் கம்பெனியின் ஆள் வந்தார். அவரும் மார்க் போடுகிற புரோகிராம்தான் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் உறை, மேலே ஒரு ஸ்டிக்கர், கையோடு பில். எங்கள் தலைமையாசிரியர் பில்லைத்தான் முதலில் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்து, "இதான் முறை சார்" என்றார். எல்லாப் பள்ளிகளும் வாங்கின.

புரோகிராம் ஓடியதும் லிஸ்ட் என்று தட்டிப் பார்த்தேன். உள்ளே உள்ள வரிகளைக் காட்டச் சொல்லும் கட்டளை அது. திரை காலியாக இருந்தது.

"அதைப் பார்க்க முடியாதுங்க சார். கம்பெனி ரகசியம்" என்றார் வந்தவர்.

"அஞ்சு மார்க்கைக் கூட்டறதுல என்னங்க ரகசியம்?"

"சார் நல்லா ஜோக் அடிக்கிறாரு" என்று தலைமையாசிரியரிடம் சொன்னார்.

அந்தப் புரோகிராம் பிள்ளையின் பெயரைக் கேட்கும். அடுத்து சர்நேம் என்று ஒரு கட்டம் வரும். அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாது. கோடு போட்டுப் பார்த்தேன், புள்ளி வைத்துப் பார்த்தேன், ஏற்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஏது சர்நேம்? இனிஷியல் உண்டு, பெயர் உண்டு. தமிழாசிரியர், "அப்பன் பேரைப் போட்டுத் தள்ளுங்க சார்" என்றார். போட்டோம். பட்டியல் அப்பாக்களின் பெயர் வரிசையில் வந்தது. பையன்கள் இரண்டு நாள் ஒருவரையொருவர் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். எங்கள் பள்ளியில் அது அதோடு போயிற்று.

பெரம்பலூர்ப் பக்கத்துப் பள்ளியில் என்ன நடந்தது என்று அடுத்த சனிக்கிழமை அந்த டீச்சர் சொல்லித்தான் தெரியும். அவர் அன்று டீ வாங்கித் தரவில்லை, உட்காருங்க என்றுகூடச் சொல்லவில்லை, நான் உள்ளே போனதுமே தொடங்கிவிட்டார்.

"எங்க கிளார்க் அண்ணன்தான் சார் பேரெல்லாம் ஏத்தினாரு. சர்நேம்னா என்னன்னு எல்லார்கிட்டயும் கேட்டாரு. யாருக்கும் தெரியலை. பேருக்குப் பின்னாடி வடக்க போடறாங்களே அதான்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு. அவரு அட்மிஷன் ரிஜிஸ்டரை எடுத்து வெச்சு, சாதின்னு இருக்கிற கட்டத்துல உள்ளதை ஒண்ணுவிடாம ஏத்திட்டாரு."

மஞ்சள் பையைக் கீழே வைத்தேன்.

"திரையில வந்த ரேங்க் லிஸ்டை அப்படியே பேப்பர்ல எழுதி, காலையில பிரேயருக்கு முன்னாடி போர்டுல ஒட்டியிருக்காரு. நான் இண்டர்வெல்லதான் பார்த்தேன். ஒவ்வொரு புள்ள பேருக்குப் பின்னாடியும் இருக்கு. தெரியாத விஷயம் இல்ல சார், ஊர்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஆனா போர்டுல, ரேங்க் வாரியா. எட்டாவது ஒன்பதாவது பொண்ணுங்க நின்னு கீழேருந்து மேல படிச்சுட்டு இருக்குதுங்க. என் வகுப்புல ஒண்ணு, கடைசி ரேங்க், தன் பேர் மேல கையை வெச்சு மறைச்சுக்கிட்டே நிக்குது. கையை எடுக்கச் சொன்னா எடுக்கமாட்டேங்குது."

டீச்சர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டார். அறிவிப்புப் பலகையில் தலைமையாசிரியர் ஒப்பத்தோடு ஒட்டிய தாளைக் கிழித்ததற்கு அவரிடம் விளக்கம் கேட்டார்கள். கிளார்க் கெட்டவரில்லை. மறுநாள் டீச்சரிடம் வந்து, "கட்டம் கேட்டுச்சும்மா, காலியா விடக்கூடாதேன்னு நிரப்பினேன்" என்று சொல்லிவிட்டு வெகு நேரம் போகாமல் நின்றாராம். காலியாகக் கட்டத்தை விடக்கூடாது என்றுதான் அவருக்கும் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தக் கட்டத்தை எடுத்துவிடச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதியதற்கு, அடுத்த வெளியீட்டில் பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்ததாம்.

"சார், உங்களது என்னென்ன கேக்கும்னு எனக்கு ஒவ்வொரு வரியாக் காட்டுங்க" என்றார். "எதைக் கேக்கும், எதை வெளிய காட்டும். ரெண்டும்."

காட்டினேன். அன்று அந்த 212 வரிகளையும் இருவரும் உட்கார்ந்து படித்தோம். இந்த வரி ஏன், அந்த வரி எங்கே தாவுகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். இடையில் கரண்ட் போயிற்று. சைக்ளோஸ்டைல் தாளை வைத்து மிச்சத்தைச் சொன்னேன். நான் எழுதியதை ஒருவர் ஏன் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசி பஸ்ஸுக்குச் சற்று முன்னால்தான் கிளம்பினேன். பாதி வழியில்தான் மதியம் சாப்பிடாதது ஞாபகம் வந்தது.

ஆண்டுத் தேர்வு முடிந்தது. விடைத்தாள் திருத்த அரியலூருக்கு வந்த ஆசிரியர்களில் அந்த டீச்சரும் ஒருவர். முதல் நாள் மதிய இடைவேளையில் காசெட்டைக் கையில் கொடுத்து, "பாருங்க சார், தப்பிருந்தா சொல்லுங்க" என்றார். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டு மற்ற டீச்சர்களோடு போய் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் சாவி வாங்கிக்கொண்டு அறைக்குப் போனேன். டேப் ரெக்கார்டரில் போட்டதும் அந்தக் கீச்சுச் சத்தம் எழுந்தது, நாலைந்து நிமிஷம். லிஸ்ட் என்று தட்டினேன். ஒன்றாம் வரி என்னுடையது. அடுத்தது ஆயிரம் இல்லை. பத்து. பிறகு இருபது. பத்தாம் எண்ணில்: ரேங்க் பகுதி, 46 வரி, நீக்கப்பட்டது. இருபதில்: 9 வரி சேர்க்கப்பட்டது. இரண்டுக்கும் பக்கத்தில் இரண்டு இங்கிலீஷ் எழுத்தில் சுருக்கொப்பம்.

தீபாவளியிலிருந்து எந்த வரிக்குக் காத்திருந்தேனோ அது வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கீழே இறங்கி அந்த நாற்பத்தாறையும் தேடினேன். சுத்தமாக எடுத்திருந்தார். ஒரே மொத்தம் வந்தால் யார் முன்னால் என்று தீர்க்கிற இடம், என் தீபாவளி, எல்லாம் போயிருந்தது. மறுபடி எண்ணினேன். 212இல் 46 போக 166. ஒன்பதைச் சேர்த்தால் 175. குறிப்பு வரிகளைச் சேர்க்கவில்லை. கணக்கு சரியாக இருந்தது. அந்த ஒன்பது வரியும், ஒவ்வொரு பிள்ளையும் தன் சென்ற தேர்வைவிட எத்தனை மார்க் கூட எடுத்தது, எத்தனை குறைந்தது என்று காட்டின. மற்றவர்களோடு ஒப்பிடவில்லை. பெயர்களை அகர வரிசையில் விட்டிருந்தார்.

மறுநாள் இடைவேளையில் அவரைத் தேடிப் போனேன்.

"ரேங்கை ஏன் டீச்சர் எடுத்தீங்க?"

"நீங்கதானே சார் மாத்தலாம்னு போட்டிருந்தீங்க."

"போட்டிருந்தேன். ஆனா அதுலயே கஷ்டமான பகுதி அதுதான்."

"அதான் சார் எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னு கண்டுபிடிக்கவே எனக்கு மூணு வாரம் ஆச்சு." பக்கத்தில் இருந்த டீச்சர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணை வூட்டுல நிறுத்திட்டாங்க சார். கடைசி ரேங்க் வாங்கறதுக்கு எதுக்குப் படிப்புன்னு. சொந்தக்காரங்க வூட்டுக்கு அனுப்பியிருக்காங்க, அங்க முந்திரி உடைக்குதாம். சர்நேம் மட்டும் இல்லாம இருந்திருந்தாலும் கடைசியில ஒரு பேர் வந்திருக்கும்ல. அது யாரோட புள்ளையா இருந்தாலும்."

"ஒண்ணாவது வந்த பிள்ளைக்கு ஒரு சந்தோஷம் இருக்குமில்லையா?"

"இருக்கும் சார். அது வேணும்னா நீங்க உங்களதுல வெச்சுக்கங்க. அதுவும் மாத்தலாம்ல."

அன்று சாயங்காலம் மறுபடி அறையைத் திறந்தேன். பழைய காசெட்டும் என்னிடம் இருந்தது, ரேங்கோடு. அதையே நகல் எடுத்து மற்ற பள்ளிகளுக்குக் கொடுத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. இரண்டு காசெட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அறையில் நான்கு ஸ்டூல் இருந்தது. மூன்று காலி.

பிறகு அவருடைய ஒன்பது வரிகளை ஓட்டிப் பார்த்தேன். ஒரு தவறு இருந்தது. தேர்வுக்கு வராத பிள்ளைக்கு மெஷின் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, நூறுக்கு மேல் குறைந்துவிட்டதாகக் காட்டியது. காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு அது அநியாயம். ஒரு வரி சேர்த்துச் சரிசெய்தேன். முப்பதாம் எண்ணில் விவரம் எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன். அதன் பிறகு மேலே போய், பதிவேட்டில் தலைமையாசிரியர் வைப்பது போல, பத்தாம் எண்ணில் அவருடைய எழுத்துகளுக்குப் பக்கத்தில் என்னுடையதையும் வைத்தேன். நாற்பத்தாறு வரி நீக்கம், பார்வையிடப்பட்டது. மனசார வைத்தேன் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்கிற அதிகாரம் எனக்கு இல்லாதபடி நானேதான் தலைப்பில் எழுதியிருந்தேன்.

ஜூன் முதல் வாரம் மாறுதல் ஆணை வந்தது, திருநெல்வேலிப் பக்கம். போகும் ஆசிரியர் தன் பொறுப்பில் உள்ளதை எண்ணி ஒப்படைக்க வேண்டும். இரண்டு விசைப்பலகை, இரண்டு திரை, ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு ஸ்டெபிலைசர், பதினொரு காசெட். கம்பெனியின் புரோகிராம் ஒன்று, உறையோடு. தலைமையாசிரியர் ஒவ்வொன்றாக டிக் செய்துகொண்டே வந்தார்.

"வேற ஏதாவது உண்டா சார்?"

"இல்லைங்க சார், அவ்வளவுதான்" என்றேன். ஸ்டாக்கில் அவ்வளவுதான் இருந்தது.

விடுவிப்புக்கு முன் எனக்கு ஒரு சனிக்கிழமை மிச்சம் இருந்தது. கடைசியாக ஜெயங்கொண்டத்துக்குப் போனேன், பாட்டுப் பதியலாமா என்று கேட்டவரிடம். காசு கொடுத்து வாங்கிய புது காசெட்டில் 176 வரியும் குறிப்புகளும் இருந்தன. அவர் பள்ளியிலேயே போட்டு ஓட்டிப் பார்த்தார்.

"ரேங்க் எங்க சார்? போன தடவை இருந்துச்சே."

"பெரம்பலூர்ப் பக்கம் ஒரு டீச்சர் எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்களா? நீங்க சும்மா விட்டுட்டீங்களா?"

"ஒப்பம் வெச்சிருக்கேன், மேல பாருங்க."

மேலே பார்த்தார். பத்து, இருபது, முப்பது. உதட்டைப் பிதுக்கினார். "எங்க ஊர்ல ரேங்க் இல்லாம பெத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க சார். பழைய தாளு என்கிட்ட இருக்கு. நான் திருப்பிப் போட்டுக்கலாமா?"

"போட்டுக்கங்க. நாப்பதாம் நம்பர்ல எழுதிட்டுப் போடுங்க. ஏன் எடுத்தாங்கன்னு அவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க."

"கேட்டா போட விடமாட்டாங்க போல இருக்கே."

"விடுவாங்க. அவங்க விடாம இருக்க முடியாது."

அவர் சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எடுத்த பிறகு, திரையில் எழுதப் பேனா எதற்கு என்று அவருக்கே தோன்றி மறுபடி சொருகிக்கொண்டார். "திங்கக்கிழமை உட்காரறேன் சார். போயிட்டு வாங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் கும்பகோணம் பஸ், விருத்தாசலம் பஸ் என்று போய்க்கொண்டிருந்தன. அரியலூருக்கு வர நேரமாயிற்று. மஞ்சள் பை காலியாக இருந்தது. அதை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மாறிப்போன பள்ளியில் மெஷின் கிடையாது. மனைவியும் மகனும் இருந்தார்கள். சாப்பிடும்போது மூன்று தட்டு. சாயங்காலத்தில் நான் எழுந்து ஜன்னல்களைச் சாத்தப் போவதைப் பார்த்துவிட்டு மனைவி, "இங்க என்ன தூசி வருதுன்னு சாத்தறீங்க?" என்பாள். ஜெயங்கொண்டத்து வாத்தியார் அந்தத் திங்கட்கிழமை உட்கார்ந்தாரா, நாற்பதாம் எண்ணில் எதையாவது எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டு எழுத முகவரி இருந்தது. இரண்டு முறை தொடங்கிவிட்டு விட்டுவிட்டேன். நாற்பதாம் எண்ணில் எழுதியிருந்தாலும் அவர் எனக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.